மூன்றாம் எண்ணில் ஒரு பூட்டு

இங்கிலாந்தில் வீடு பற்றி எரிந்தால் 999. ஜெர்மனியில் 112. பிரான்சில் வெறும் 18. சுவிட்சர்லாந்தில் 118. இந்த எண்கள் எல்லாம் எனக்கு இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். நான் அந்த ஊர்ப் பக்கம் ஒரு நாளும் போனதில்லை. திருப்பூருக்கு வடக்கே, நெருப்பெரிச்சல் போகும் வழியில் இருந்த ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டது இது. அதே கம்பெனியில் நெருப்புப் பிடித்தால் எந்த எண்ணைக் கூப்பிடுவது என்று கேட்டிருந்தால் என்னைத் தவிர ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். தெரிந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை. போனுக்குப் பூட்டுப் போட்டிருந்தது.

போனுக்குப் பூட்டு என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குப் புரியாது. எண்பதுகளின் கடைசியில் எங்கள் மேஜை மேல் இருந்தது கறுப்பு நிறத்தில் ஒரு கனத்த போன். நடுவில் சுற்றுகிற டயல், அதில் ஒன்றிலிருந்து சைபர் வரை ஓட்டைகள். வேண்டிய எண்ணின் ஓட்டையில் விரலை விட்டு, கம்பி தடுக்கும் வரை சுற்றிவிட வேண்டும். ஒன்று என்றால் கொஞ்ச தூரம், சைபர் என்றால் முழுச் சுற்று. அந்த ஓட்டையில் மாட்டுவதற்கென்றே சுண்டுவிரல் அளவில் ஒரு பூட்டு கடைகளில் விற்றார்கள். மாட்டிவிட்டால் டயல் கொஞ்ச தூரம் போய் இடித்து நின்றுவிடும். வருகிற போனை எடுத்துப் பேசலாம், நாமாக யாரையும் கூப்பிட முடியாது. எங்கள் வீதியில் போன் வைத்திருந்த கம்பெனி எல்லாவற்றிலும் இந்தப் பூட்டு தொங்கியது. நூல் ரூமைத் திறந்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற முதலாளிகூடப் போனைப் பூட்டாமல் போக மாட்டார். தொழிலாளிகள் நாங்கள் எல்லாம் அவர் தலை மறைந்ததும் அமெரிக்காவுக்குப் பேசக் காத்திருக்கிறோம் என்று நினைப்பு.

எங்கள் முதலாளி சாவியை இடுப்பில், வெள்ளி அரைஞாண் கொடியில் கோத்து வைத்திருந்தார். கல்லாப்பெட்டிச் சாவி மேஜை டிராயரில் கேட்பாரற்றுக் கிடக்கும். போன் சாவி மட்டும் உடம்போடு ஒட்டியே இருக்கும். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து, சட்டையைத் தூக்கி, வயிற்றை எக்கி, போனோடு ஒட்டி நின்றபடி பூட்டைத் திறப்பார். கொடியிலிருந்து சாவியைக் கழற்ற மாட்டார். அந்த நேரத்தில் நான் சுவரில் இருந்த சாமி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு பக்தியோடு எந்தக் கோயிலிலும் நான் நின்றதில்லை.

பூட்டை எந்த ஓட்டையில் மாட்டுவது என்பதற்கும் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. எண் ஜோசியர் ஒருவர் சொல்லித்தான் கம்பெனிப் பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டினார், காருக்கு நம்பர் வாங்கினார், பந்தக்கால் நட்டார். அந்த ஜோசியர் அவருக்கு மூன்றுதான் ராசி என்று சொல்லியிருந்தார். ஆகவே பூட்டு மூன்றாம் எண் ஓட்டையில். இந்தப் பைத்தியக்காரத்தனத்தை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலாளிகள் இப்படித்தான் இருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

எனக்குப் பூட்டால் ஒரு தொந்தரவும் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மழைக்காலத்தில் போன் ரிப்பேர் பார்க்க வந்த லைன்மேன் பூட்டைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். ரிசீவரை வைக்கும் இடத்தில் இருக்கும் பொத்தானைக் காட்டி, இதைத் தட்டினாலே போதும் என்றார். ஐந்து வேண்டுமென்றால் ஐந்து தட்டு, சைபர் என்றால் பத்துத் தட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் மூச்சு விடும் நேரம் இடைவெளி. டவுனில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் அக்காவிடம் மத்தியானத்தில் இப்படித் தட்டித்தான் பேசுவேன். பில் வந்ததும் முதலாளி டெலிபோன் டிபார்ட்மெண்டைத் திட்டுவார். "பூட்டிப் போட்டு வெச்சாலும் பில்லு ஏறுது பாரு அம்மிணி, திருட்டுப் பசங்க." நானும் ஆமாங்க என்பேன். எனக்கு அதில் அன்றும் வெட்கமில்லை, இன்றும் இல்லை. பூட்டுப் போடுகிறவனுக்கு அதுதான் மரியாதை.

இந்தக் கம்பெனிக்குத்தான் ஒரு நாள் அந்த ஆர்டர் வந்தது. ஜெர்மனியில் இருந்து சரக்கு வாங்குகிற ஒரு பையர், பல நாடுகளில் விற்கிற கடைக்காக, குழந்தைகளுக்கு மஞ்சள் நிறத்தில் டீ-சர்ட் கேட்டிருந்தார். நெஞ்சில் சிவப்பாக ஒரு தீயணைப்பு வண்டி. வண்டியின் வயிற்றில் அந்தந்த நாட்டின் எண். குழந்தைகள் விளையாட்டாகப் பார்த்துப் பார்த்து எண்ணை மனதில் பதித்துக்கொள்ளும் என்பது யோசனை. ஆனால் இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. படமும் எண்ணும் மட்டும் வந்தன. எதற்கு என்று கேட்கிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. அச்சடிக்கச் சொன்னால் எதையும் அச்சடிப்போம். எங்களையே திட்டி எழுதிக் கொடுத்தாலும் கலர் சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்போம்.

மேனேஜர் முதலாளியின் மச்சினன். பி.காம். பட்டத்தைப் பிரேம் போட்டுத் தலைக்கு மேல் மாட்டியிருந்தார். அந்தப் பக்கத்துக் குழந்தைச் சட்டைகளுக்குக் குழந்தையின் உயரத்தை வைத்து, சென்டிமீட்டர் கணக்கில் 104, 110, 116, 122 என்று சைஸ் போகும். கழுத்து லேபிளில் 110 என்று இருக்க, நெஞ்சில் 112 என்று அச்சாகி வந்ததும் அவருக்குப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. 118 வந்ததும் சந்தேகமே இல்லாமல் போயிற்று. பையர் சைஸைத் தப்பாகப் போட்டுவிட்டான் என்று முடிவு கட்டினார். 112 அச்சடித்த சட்டைகளை எல்லாம் 110 சைஸோடும், 118 அச்சடித்ததை எல்லாம் 116 சைஸோடும் சேர்க்கச் சொன்னார். 18 என்றால் பதினெட்டு மாதக் குழந்தைக்காம். மிச்சமிருந்தது 999. அதை ஒரு மூலையில் அடுக்கிவிட்டு, "இத்தனை ஒசரத்துல எந்த ஊர்லீங்க கொழந்தை இருக்குது?" என்று என்னிடமே கேட்டார்.

டவுனில் இருந்த ஏஜெண்ட் ஆபீஸ் மூலம் பையருக்கு டெலக்ஸ் கொடுக்கச் சொல்லி, கேள்வியை நான்தான் இங்கிலீஷில் எழுதினேன். 999 என்பது எந்த சைஸ் என்று தயவுசெய்து தெரிவிக்கவும். பதிலைத் தாளில் அடித்து சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது சைஸ் இல்லை, தீப்பிடித்தால் கூப்பிட வேண்டிய எண் என்று ஒவ்வொரு நாட்டையும் போட்டு விளக்கியிருந்தார்கள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி இருந்தது. எங்களுக்கு அதுவும் போதாது என்றுதான் சொல்வேன்.

முதலாளி கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "நெருப்புப் புடிச்சா எங்க கூப்படறதுன்னு சட்டையில எழுதி மாட்டிக்கோணுமா? அத்தனை மக்குப் பசங்களா அம்மிணி அங்க?"

பிரித்து அடுக்கும் வேலை மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பமானது. கோணலாக அச்சானவை நிறைய இருந்தன. மாடியில் அயர்னிங் பார்த்த பெண் ஒருத்தி அதில் ஒன்றைக் கேட்டாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், கிறிஸ்தவக் குடும்பம். நாலு வயது மகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு இங்கே வந்திருந்தாள். மத்தியானம் என்னோடுதான் சாப்பிடுவாள். கம்பெனியில் நான் மதித்த ஒரே ஆள் அவள்தான். ஏனென்றால் யாரைப் பற்றியும் நல்லதாக இரண்டு வார்த்தை சொல்கிற பழக்கம் அவளிடமும் கிடையாது.

"ஒரு சட்டை எடுத்துக்கிடுதேன் சார், எம் மவளுக்கு," என்று மேனேஜரிடம் கேட்டாள்.

"ரிஜெக்ட் வெளிய போகக் கூடாதுங்க. பையர் ஆர்டர்," என்றார் அவர். அவள் கண் முன்னாலேயே கத்தரியை எடுத்து வண்டியின் வயிற்றில் ஒரு வெட்டுப் போட்டு வேஸ்ட் மூட்டையில் எறிந்தார். அந்த வேஸ்ட் மூட்டைகள் எல்லாம் மாடிப்படிக்குக் கீழே அடைத்துக் கிடந்தன. படியின் பாதியையும் அவைதான் பிடித்துக்கொண்டிருந்தன. வேஸ்ட் வியாபாரி வந்து எடுக்கட்டும் என்று வாரக்கணக்கில் விட்டிருந்தார்கள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அவள் என்னிடம், "நம்ம ஊருக்கு என்ன நம்பரு, யக்கா?" என்று கேட்டாள். நூற்றி ஒன்று என்றேன். "அதையும் ஒரு சட்டையில அடிச்சா என்ன கொறஞ்சா போயிரும்?" என்றாள்.

பிறகு தரம் பார்க்க அந்தப் பையரின் ஆள் ஜெர்மனியிலிருந்து வந்தார். நெட்டையான ஆள், எங்கே போனாலும் வெந்நீர் கேட்பார். சட்டைகளை எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, என் மேஜை மேல் இருந்த போனில் தொங்கிய பூட்டைப் பார்த்தார். பழைய சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி முகம் மலர்ந்தது. எங்கள் ஊரிலும் இப்படிப் பூட்டுவோம் என்றார். ஆனால் பூட்டை மூன்றில் மாட்டினால் ஒன்றும் இரண்டும் சுற்றும், 112-ஐக் கூப்பிடப் பூட்டு தடையாக இருக்காது என்றார். சொன்னதோடு நிற்காமல் விரலை விட்டுச் சுற்றியும் காட்டினார். ஒன்று, ஒன்று, இரண்டு. டயல் சமர்த்தாகச் சுற்றித் திரும்பியது. உங்கள் எண் என்ன என்று கேட்டார். சொன்னேன். ஒன்றைச் சுற்றினார். சைபரில் விரலை விட்டுச் சுற்றினார். டயல் கொஞ்சம் நகர்ந்து பூட்டில் இடித்து நின்றது. என்னைப் பார்த்தார். நான் முதலாளியைப் பார்த்தேன்.

எண் ஜோசியரின் புண்ணியத்தில் எங்கள் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மனிக்காரனின் தீயணைப்பு எண்ணைச் சுற்ற முடியும், திருப்பூர் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட முடியாது. இதை முதலாளிக்குத் தமிழில் எடுத்துச் சொன்னேன். அவர் இடுப்பைத் தடவி சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "அவுங்களுக்கென்ன சொல்லீட்டுப் போயிருவாங்க. பில்லுக் கட்டறவனுக்கல்லோ தெரியும்," என்றார். முதலாளி என்ன சொல்கிறார் என்று ஜெர்மன்காரர் கேட்டார். யோசிப்பதாகச் சொல்கிறார் என்றேன். அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வெந்நீர் குடித்தார்.

சரக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த சமயத்தில்தான் தீப்பிடித்தது. முதலாளி சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேச விருந்துக்கு அவிநாசி போயிருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். எல்லோரும் வெளியே வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அயர்னிங்காரப் பெண் மட்டும் மிச்சமிருந்த அடுக்கை முடித்துவிட்டு வருகிறேன் என்று மாடியிலேயே இருந்துவிட்டாள். படிக்கட்டுக்குக் கீழே இருந்த சுவிட்ச் போர்டில் பொறி தட்டியிருக்க வேண்டும். பனியன் வேஸ்ட் பற்றினால் சத்தமே வராது. புகை வந்த பிறகுதான் தெரியும், அதற்குள் மூட்டை மூட்டையாகப் பற்றிக்கொண்டு படி முழுக்க எரிய ஆரம்பித்துவிட்டது.

மாடிக்கு வேறு வழி கிடையாது. ஜன்னலுக்கு எல்லாம் இரும்புக் கிராதி, சட்டை திருடுவார்கள் என்று முதலாளி போட்டது. அவள் கிராதியைப் பிடித்துக்கொண்டு கத்துவது தெரிந்தது. ஆண்கள் தொட்டித் தண்ணீரை வாளியில் மோந்து ஊற்றினார்கள். தண்ணி லாரி வந்து ரொம்ப நாளாகியிருந்ததால் சீக்கிரமே வாளி தரை தட்டியது. ஒருவர் பக்கத்துக் கம்பெனிக்குப் போன் பண்ண ஓடிவிட்டு அதே வேகத்தில் திரும்பி வந்தார். அங்கேயும் பூட்டு. சாவி, சாப்பிடப் போன அந்தக் கம்பெனி மேனேஜரின் பையில்.

நான் ஆபீஸுக்குள் ஓடினேன். எங்கள் மேனேஜர் எனக்கு முன்னால் அங்கே இருந்தார். வலது கையால் டயலைச் சுற்றிக்கொண்டிருந்தார். இடது கையில் சாம்பிள் சட்டை. அதைப் பார்த்துப் பார்த்துச் சுற்றினார். ஒன்று, ஒன்று, இரண்டு.

"என்னங்க பண்றீங்க?" என்று கத்தினேன்.

"வேற ஒண்ணுஞ் சுத்த மாட்டீங்குதுங்க அம்மிணி! இது ஒண்ணுதான் சுத்துது!" என்றார். கண்ணில் நீர் வழிந்தது. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு ஜெர்மனி எடுக்கட்டும் என்று காத்திருந்தார். பி.காம். பட்டம் அவர் தலைக்கு மேல் இருந்தது.

அவரைத் தள்ளிவிட்டு ரிசீவரைப் பிடுங்கினேன். அவருக்கு முன்னால் தட்டினால் என் மத்தியானப் பேச்செல்லாம் அம்பலமாகும், வேலை போகும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். சொந்த ஊரான கொமரலிங்கத்தில் எங்கள் வயலில் அந்த வருஷம் விளைச்சலே இல்லை, என் சம்பளத்தை நம்பித்தான் வீடு இருந்தது. தட்டினேன். ஒரு தட்டு, பத்துத் தட்டு, ஒரு தட்டு. அவசரத்தில் நடுவில் எண்ணிக்கை தவறிப்போய், கொர் என்று ஒரு சத்தம்தான் வந்தது. வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை வாய்விட்டு எண்ணினேன். மேனேஜர் வாயைப் பிளந்துகொண்டு என் விரலையே பார்த்தார்.

"பயர் ஸ்டேஷனுங்க," என்று ஒரு குரல் கேட்டது. அவ்வளவு நிதானமான குரலை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. இடத்தைச் சொன்னேன், மாடியில் ஆள் இருக்கிறது என்றேன்.

வண்டி வந்தது. ஏணி போட்டு ஏறி, கூரை ஆஸ்பெஸ்டாஸை உடைத்து, அவளைத் தோளில் போட்டு இறக்கினார்கள். அயர்னுக்குத் தெளிக்க வைத்திருந்த வாளித் தண்ணீரில் அந்த மஞ்சள் சட்டைகளை நனைத்து மூக்கையும் வாயையும் கட்டியிருந்தாள். அதனால்தான் பிழைத்தாள் என்று தீயணைப்புக்காரர் சொன்னார். மாடிப்படி உச்சியில் இருந்த கதவின் கொதித்த தாழ்ப்பாளைத் திறக்கப் பார்த்ததில் வலது உள்ளங்கை வெந்து போயிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து வந்திருந்தால் தூக்குவதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்றும் அவர் சொன்னார். நான் அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். அவளுக்காகத்தான் அழுதேன், கொஞ்சம் அந்த டயலை நினைத்தும்.

முதலாளி விருந்து வெற்றிலையை மென்றபடி வந்து சேர்ந்தார். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கரிந்த படியைப் பார்த்தார், நனைந்த பெட்டிகளைப் பார்த்தார், பிறகு மேனேஜர் அவர் காதில் ஏதோ சொன்னார். நேராக என்னிடம் வந்தார். சட்டையைத் தூக்கி இடுப்புச் சாவியைத் தொட்டுக் காட்டினார்.

"சாவி இங்கல்லோ இருக்குது? நீ எப்பிடி அம்மிணி போன் பண்ணினே?"

அதுதான் அவருடைய முதல் கேள்வி. அந்தப் பெண் இருக்கிறாளா போய்விட்டாளா என்பது அவர் கேட்ட இரண்டாவது கேள்விகூட இல்லை. இரண்டாவது கேள்வி, "எத்தனை நாளா இது நடக்குது?"

"சாவி உங்க இடுப்புல இருந்துச்சுங்க. அந்தப் புள்ள மாடியில இருந்துச்சுங்க," என்றேன். "ரெண்டுல எதுக்குங்க நான் காத்துட்டு இருக்கோணும்?"

அவர் சட்டையை இறக்கிவிட்டு நனைந்த பெட்டிகளைப் பார்க்கப் போனார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பையரின் இங்கிலீஷைப் படித்துச் சொல்ல அந்தக் கம்பெனியில் வேறு ஆள் கிடையாது. மச்சினன் படித்துச் சொன்ன லட்சணம் சைஸ் விஷயத்திலேயே தெரிந்துவிட்டது.

கரிப்பிடித்த சுவருக்கு வெள்ளை அடிக்கும் முன்பே ஆசாரி வந்தார். போனை மொத்தமாக உள்ளே வைத்துப் பூட்டுவதற்கு ஒரு மரப்பெட்டி செய்தார். இனி பொத்தானையும் தட்ட முடியாது. முதலாளி வெளியே போனால் பெட்டிக்குள் போன் அடித்துக்கொண்டே இருக்கும், நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒரு தடவை அவரே வெளியூரிலிருந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஏன் யாரும் எடுக்கவில்லை என்று வந்து சத்தம் போட்டார். சாவி வழக்கம்போல இடுப்பில் இருந்தது.

அடுத்த சீசனுக்கு அதே சட்டை மறுபடியும் ஆர்டர் வந்தது. நன்றாக விற்றதாம். இந்தத் தடவை ஸ்வீடனையும் சேர்த்திருந்தார்கள், 90 000. ஒரு வண்டி வயிறு முழுக்கச் சைபர். கூடவே, வேலை செய்யும் இடத்தில் அவசர எண்ணை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்றும் பையர் சொல்லியிருந்தார். முதலாளி உடனே பெயிண்டரை வரவழைத்தார். போன் பெட்டியின் மேலேயே சிவப்புப் பெயிண்டில் தீயணைப்பு 101 என்று இங்கிலீஷில் எழுத வைத்தார். தமிழில் எழுதவில்லை. படிக்க வேண்டியவர் ஜெர்மன்காரர்தானே.

அவரும் வந்தார். வெந்நீர் குடித்தார், பெட்டியைப் பார்த்து நன்று என்றார். பிறகு மாடிக்குப் போனோம். அவள் திரும்ப வேலைக்கு வந்து அப்போது கொஞ்ச காலம் ஆகியிருந்தது. உள்ளங்கைத் தோல் இழுத்துக்கொண்டு விரல்கள் முழுதாக விரியாது, இடது கையால் அயர்ன் பண்ணப் பழகியிருந்தாள். அவர் நின்று, கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"அயர்ன் பாக்ஸ் சுட்டுப்போடுச்சுன்னு சொல்லு அம்மிணி," என்றார் முதலாளி.

நான் ஜெர்மன்காரரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். படியில் அடைத்த மூட்டை, கிராதி, பூட்டு, சாவி இருந்த இடம், மேனேஜர் சுற்றிய எண். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அத்தனையையும் அன்றைக்குச் செலவழித்தேன். அயர்ன் பாக்ஸ் சுட்டதற்கு இவ்வளவு நேரமா என்று முதலாளிக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் வெள்ளைக்காரர் எதிரில் சிரித்த முகத்தை மாற்ற முடியாமல் நின்றார்.

ஜெர்மன்காரர் விறுவிறுவென்று கீழே இறங்கி, பெட்டியைத் திறக்கச் சொன்னார். முதலாளி அன்றைக்கு விருந்தாளிக்காக பேண்ட் போட்டு, சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் கட்டியிருந்தார். சாவியை எடுக்க அத்தனையையும் அவிழ்க்க வேண்டியதாயிற்று. மாடிப் பெண்கள் எல்லாம் கூடி நின்று பார்த்தார்கள். காலண்டரைப் பார்க்காமல் அவரையே பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. ஜெர்மன்காரர் முகம் சிவந்து, தலையை ஆட்டி ஆட்டி என்னவோ எழுதிக்கொண்டார். போகும்போது அவளுடைய மற்றக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

நான் நம்பினேன். சட்டையில் எண் போட்டுத் தங்கள் குழந்தைகளைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள், இனி மறுபடியும் மூட்டை அடைந்துவிட்ட படியைக் காலி பண்ணச் சொல்வார்கள், பூட்டை எடுக்கச் சொல்வார்கள், அவள் கைக்கு ஏதாவது வழி செய்யச் சொல்வார்கள் என்று நம்பினேன். அவளிடமும் அப்படியே சொல்லி வைத்தேன். எங்கள் முதலாளியை எடைபோட எனக்கு ஒரு நாள் போதுமாயிருந்தது. தூரத்தில் இருக்கிறவர்களைப் பற்றி மட்டும் ஏன் அவ்வளவு நல்லபடியாக நினைத்தேன் என்று இப்போதும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

டெலக்ஸ் தாள் சைக்கிளில் வந்தது. படித்துப் பார்த்துவிட்டு முதலாளியின் மேஜையில் வைக்காமல் மாடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவள் மஞ்சள் சட்டைகளை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, என்னையப் பத்தி எதும் எழுதியிருக்காவளா?"

"தீப்புடிச்சதுக்கு ரொம்ப வருத்தமாமா," என்றேன். "சரக்கு தேதிக்குக் கப்பல் ஏறுமான்னு ஒடனே சொல்லோணுமாமா. சட்டையில பொகை வாசம் இருக்கக் கூடாதாமா."

"அம்புட்டுதானா?"

"அவ்வளவுதான் கண்ணு."

அவள் அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்தாள். "பொறவு எதுக்குக்கா இத்தனை சட்டையிலயும் நம்பரு போடச் சொன்னாவ?"

"அது அவுங்க புள்ளைகளுக்கு," என்றேன்.

அவள் கையிலிருந்த சட்டையை மூக்குக்கு அருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். பிறகு மடித்து அடுக்கில் வைத்தாள்.